ஆறு அங்குலம்

சாயல்குடியில் என் தங்கை வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நிற்கிறது. அதை எப்படியெல்லாம் மாற்றிக் கட்டினேன் என்று எழுதச் சொல்லி மஸ்கட் நண்பர்கள் நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு பாலைவனத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். எந்த ஸ்பிரிங், எந்த டயர், மணலில் எப்படி இழுத்தது என்றெல்லாம் எதிர்பார்ப்பார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இது பெரும்பாலும் என் அய்யாவைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

வண்டி ஜப்பானில் செய்தது. டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கி, ஏலத்துக்குப் போய், இரண்டு மூன்று கை மாறிச் சென்னையில் என்னிடம் வந்தது. இதற்கு முந்தைய விடுமுறையின் கடைசி வாரத்தில் அதை ஊருக்கு ஓட்டி வந்தேன். சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் உரம் வாங்க வந்திருந்த அய்யாவை ஏற்றிக்கொண்டு, வடக்கே உள்ள எங்கள் கிராமத்துக்குப் போனேன். அவர் ஃபுட்போர்டில் ஒரு கால் வைத்து, கதவோரக் கம்பத்தில் இருந்த கைப்பிடியைப் பிடித்து, வேட்டி கலையாமல் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது சொன்னார்.

"இதுல தனுஷ்கோடி மொனை வரைக்கும் ஒருவாட்டி போயிட்டு வரணும்ப்பா."

அம்மாவின் அஸ்தியைக் கரைக்க நாங்கள் ராமேஸ்வரம் போனபோது வாடகை வேன்காரர் அவசரப்படுத்தியதில் முனை வரை போகவில்லை. அது அவர் மனதில் இருந்திருக்கிறது. எழுபத்தோரு வயது வரை பஸ்ஸிலும், மிளகாய் மூட்டைகளோடு மினி லாரியிலும் போனவர், சொந்த வண்டியில் முன் சீட்டில் மகனோடு போக வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். அடுத்த லீவில் கண்டிப்பாகப் போகலாம் என்றேன்.

அந்த அடுத்த லீவுக்குள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வண்டியைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். மஸ்கட்டில் இருந்தபடியே பதினோரு மாதம் போனிலேயே வேலை வாங்கினேன். தடித்த ஸ்பிரிங், உயரமான ஷாக் அப்சர்பர், பல் பல்லாக வெட்டிய மண் டயர் என்று எல்லாம் சேர்த்து வண்டியை ஆறு அங்குலம் தூக்கியாயிற்று. முன்னால், புதைந்தால் இழுத்துக்கொள்ள, கம்பிவடம் சுற்றிய வின்ச். பின்னால் நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு குழாய், குளிப்பதற்கு ஒரு ஷவர்கூட. தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விடுவதற்குக் கூரை வரை ஒரு காற்றுக்குழாய். அந்தக் குழாய் மட்டும் லீவுக்கு வரும்போது நானே பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டு வந்தது. சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கச்சேரிக்கு என்று கேட்டார்.

மேடு பள்ளத்தில் ஃபுட்போர்டு தரையில் தட்டும் என்று பட்டறைக்காரர் சொன்னார். கழற்றச் சொன்னேன். எண்ணெய்ச் சூடு காட்ட ஒன்று, டர்போ அழுத்தம் காட்ட ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று மூன்று மீட்டர்களைக் கண்ணில் படுகிற மாதிரி வைக்க இடம் இல்லை என்றார். இடப்பக்கக் கதவோரக் கைப்பிடியை எடுத்துவிட்டு அங்கே வைக்கச் சொன்னேன். இரண்டும் நான் சொன்னதுதான். பட்டறைக்காரர் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

வேலை முடிந்து வந்த போட்டோவை எல்லாருக்கும் அனுப்பினேன். தங்கை அய்யாவிடம் காட்டியிருக்கிறாள். என்ன சொன்னார் என்று ஆசையாகக் கேட்டேன். "நல்லாருக்கு, ஒசரமா இருக்குன்னு சொன்னாக" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணி மாத வெயில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் மட்டும் வந்திருந்தேன். கடற்கரையை ஒட்டியே, தார்ச்சாலையை முடிந்த மட்டும் தொடாமல், இரண்டு நாளில் தனுஷ்கோடி என்பது என் திட்டம். அய்யாவுக்கு இந்தச் சாலை தொடாத விஷயம் புரியவில்லை. "நல்ல ரோடு போட்டிருக்கான்லப்பா" என்றார். அதுதான் இதில் விசேஷம் என்றேன். சரி என்று சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு என்று கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து நின்றார்.

வாசலில் ஏறும்போதே சிக்கல். வண்டியின் தரை அவர் இடுப்புக்கு வந்தது. முழங்கால் தேய்ந்த மனிதர். கால் வைக்க இடமில்லை, பிடிக்கக் கைப்பிடி இல்லை. காலை அவ்வளவு உயரம் தூக்கினால் வேட்டி தொடைக்கு மேல் ஏறும். எதிர்வீட்டுப் பெண்கள் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றார். நான் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து போட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினேன். ஸ்டூல் பின்னால் போயிற்று. எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடிக்கிறவன் நான் என்று அப்போது ஒரு திருப்தி வேறு.

மூக்கையூர்ப் பக்கம் கரையில் இறங்கினோம். டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்து மணலில் விட்டதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஓமான் மணலில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஓர் ஆளைப் பார்க்க முடியாது. இங்கே வலை உலர்த்துகிறவர், கருவாடு காயப்போடுகிறவர், ஆடு ஓட்டுகிறவர் எல்லாரும் கைகாட்டி நிறுத்தி, "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டார்கள். தனுஷ்கோடி என்றதும், ரோடு அந்தப் பக்கம் என்று அக்கறையாகக் கையை நீட்டினார்கள். அய்யா இதற்கெல்லாம் ரசித்துச் சிரித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஒரு மணி நேரத்தில் அவர் ஒதுங்க வேண்டும் என்றார். நிறுத்தி, ஸ்டூல் போட்டு, இறக்கி, ஏற்றினேன். வாலிநோக்கம் போவதற்குள் இன்னொரு தடவை. அங்கே ஒரு கடையில் டீயும் சூடான வடையும். டீ குடித்து அரை மணியில் மறுபடியும் ஒதுங்க வேண்டும் என்றார். வண்டி அப்போதுதான் ஒரு மணல்மேட்டில் நல்ல வேகம் பிடித்திருந்தது. நிறுத்தினால் புதையும்.

"அய்யா, நிமிசத்துக்கு ஒருவாட்டி எறங்குனா நாம எப்ப போய்ச் சேர்றது?" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "சரிதேன்" என்றார். மேட்டைத் தாண்டி நிறுத்தி இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அன்று அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை. எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பளங்களுக்குப் பக்கத்தில் வெள்ளையாக, கண்ணாடி மாதிரிச் சமமாக ஒரு பொட்டல் கிடந்தது. அதைக் குறுக்கே கடந்தால் ஏர்வாடி. "ஏலே, அங்கிட்டு வேணாம். மேல காஞ்சிருக்கும், கீழ சேறு" என்றார் அய்யா. வாழ்நாள் பூராவும் மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்து விதைத்தவர் சொன்னார். பதினோரு மாதம் போனில் வண்டி கட்டிய நான் கேட்கவில்லை. நூறு அடிகூடப் போகவில்லை. உப்புத் தோல் உடைந்து, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை கறுப்புச் சேற்றில் இறங்கின.

வின்ச் இருக்கிறதே என்று இறங்கினேன். கம்பிவடத்தைக் கட்ட ஒரு மரம் வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம் தவிர வேறொன்றும் இல்லை. இருந்ததில் தடித்த புதரில் கட்டி இழுத்தேன். வண்டி அசையவில்லை. கருவேலம் வேரோடு பிடுங்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. கையெல்லாம் முள். உப்பளத்து டிராக்டர் ஒன்று வந்து இழுத்துவிட இரண்டு மணி நேரம் ஆயிற்று. டிராக்டர் ஓட்டியவர் சங்கிலியை மாட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இம்புட்டும் வச்சிருக்கீக. பக்கத்துல ஒரு பெரிய மனுசரயும் வச்சிருக்கீக. அவுகட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

அந்த இரண்டு மணி நேரமும் அய்யா சாய்ந்து கிடந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சேற்றில் ஸ்டூல் நிற்காது. இன்ஜினை அணைத்திருந்ததால் ஏ.சி. இல்லை. தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன். "இப்ப வேணாம்ப்பா, நீ குடி" என்றார். நான் குடித்தேன். முகமும் கழுவினேன். காலில் ஒட்டிய சேற்றைப் பின்பக்க ஷவரைத் திறந்துவிட்டுக் கழுவினேன். அது நன்றாக வேலை செய்ததை வீடியோகூட எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அன்று கீழக்கரையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அறைக்குள் நுழைந்ததும் அய்யா மேசையிலிருந்த ஜக்கை எடுத்து அண்ணாந்து நிறுத்தாமல் குடித்தார். பாதி ஜக் காலி. வெயில் என்றேன். ஆமாம் என்றார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் காபி வேண்டாம் என்றார். ஊரில் விடிந்ததும் ஒரு செம்பு நீராகாரமும் அதற்கு மேல் ஒரு காபியும் குடிக்கிறவர். லாட்ஜ் காபி பிடிக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். இட்லியைச் சாம்பார் இல்லாமல் பொடியில் தொட்டுத் தொட்டுத் தின்றார்.

சேதுக்கரையில் நிறுத்தினேன். எங்கள் பக்கத்துச் சனங்கள் அமாவாசைக்குத் திதி கொடுக்க அதிகமும் அங்கேதான் போவார்கள். இறங்குகிறீர்களா என்று கேட்டேன். கரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கனருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று சீட்டிலேயே கைகூப்பினார். கடலில் கால் நனைக்காமல் அங்கிருந்து திரும்புகிற ஆள் இல்லை அவர். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பார்வையெல்லாம் எண்ணெய்ச் சூட்டு மீட்டரில் இருந்தது.

பெரியபட்டினத்தில் மதியச் சாப்பாடு. ஒரு பாய் வீட்டு முன்கட்டில் நாலே பெஞ்சு போட்டு நடத்துகிற கடை. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, பருப்பும் கத்தரிக்காயும் போட்ட தாளிச்சா. மஸ்கட்டில் எவ்வளவு கொடுத்தாலும் இந்தத் தாளிச்சாவின் புளிப்பு கிடைக்காது. நான் இரண்டு தடவை வாங்கினேன். அய்யா இறங்கி வந்தார், பசி அப்படி. ஆனால் சோற்றைப் பிசையாமல் வறட்சியாகத் தின்றார். தம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது. கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, நோம்புக்கு இன்னும் நாளு கெடக்கே. தண்ணியத் தொடவே இல்லையே நீங்க?"

அய்யா சிரித்துக்கொண்டு ஒரு வாய் மட்டும் நனைத்தார். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "பெருசுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று நானே ஒரு காரணம் சொன்னேன். வெளியே வந்து ஸ்டூலைப் போட்டேன். கடைக்காரரும் வந்து ஒரு பக்கம் தாங்கினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அய்யாவின் வேட்டி கதவில் சிக்கி முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. அவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியபோது மாலை மூன்றரை இருக்கும். எல்லாரும் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்ப்பது போல நானும் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தண்ணீர். "பாருங்கய்யா" என்றேன். திரும்பினால் தலை சாய்ந்திருந்தது. உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லப்பா, ஓட்டு" என்றார்.

பாலம் இறங்கியதும் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஸ்டூலைத் தேடவில்லை. ஆட்டோக்காரர் ஒருவரும் நானும் மூட்டையை இறக்குவது போல அவரை இறக்கினோம். நர்ஸ் நாற்பது வயதுக்காரம்மா. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். குளுகோஸ் ஏற்ற ஊசி குத்திக்கொண்டே கேட்டார்.

"பெரியவரே, காலைல இருந்து எத்தன தம்ளர் தண்ணி குடிச்சீக?"

அய்யா வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

"தண்ணி இல்லாத காட்டுலயா வந்தீக? ஏன் குடிக்கல?"

அய்யா என்னைப் பார்க்காமல், கையில் இறங்கும் டியூபைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சா எறங்கணும்லம்மா."

நர்ஸுக்குப் புரியவில்லை. ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். அங்கே ஆட்டோக்காரர் அதன் பக்கத்தில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸ் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். நாற்பது லிட்டர் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் அய்யா இரண்டு நாள் தாகத்தோடு வந்திருக்கிறார். நிமிஷத்துக்கு ஒருவாட்டி என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் ஊசி குத்தாத கையால் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே நீங்க சொன்ன எடத்துல எல்லாம் நிறுத்துறேன்ய்யா. எத்தனவாட்டி வேணாலும்."

"நீ நிறுத்துவப்பா. எனக்குத் தெரியாதா?" என்றார். "நாந்தேன் ஏற மாட்டேன். நாலு பேரு பாக்கப் புள்ள என்னையத் தூக்கித் தூக்கி வைக்கிறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் பஸ்ஸுல ஊருக்குப் போறேன்."

தனுஷ்கோடி இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை என்றேன். கார் வாடகைக்குப் பிடிக்கிறேன், தாழ்வான கார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வாடகைக் காருல போறதுக்கா ஒரு வருசம் காத்திருந்தேன்? ஒன் வண்டியிலதேன் போகணும்னு இருந்துச்சு. இருக்கட்டும். வண்டி நல்ல வண்டிதேன். ஒனக்கு ஏத்த வண்டி."

இதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரியாதவர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பாட்டில் முழுக்க ஏறி முடிந்ததும் நர்ஸ், இன்று முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பாம்பன் ஸ்டாப்பில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த பஸ் நின்றது. அய்யா இடக்கையால் கம்பியைப் பிடித்தார், வலக்கையால் வேட்டி நுனியைப் பிடித்தார். ஒரு படி, இரண்டு படி, உள்ளே போய்விட்டார். இதற்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. நானும் கூட ஏறப் போனேன். "வண்டிய நடுரோட்டுல போட்டுட்டா வருவ? பின்னாடியே வா" என்றார்.

அப்படியே போனேன். காலியான முன் சீட்டோடு, கூரையில் காற்றுக்குழாயோடு, ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால். அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்க, நானும் நின்றேன். பாலத்தைத் திரும்பக் கடந்தோம். கடலை நான் பார்க்கவில்லை. ஃபுட்போர்டையும் கைப்பிடியையும் தேடிப் பிடித்து மாட்ட வேண்டும், ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். விடுமுறையில் மிச்சம் மூன்று நாள் இருந்தது. கோயம்புத்தூருக்குப் போய் வரவே இரண்டு நாள் ஆகும்.

உச்சிப்புளியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் பஸ்ஸை ஒட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். தூக்கிக் கட்டிய வண்டி ஆயிற்றே, என் சீட்டு பஸ் ஜன்னலுக்குச் சரிமட்டத்தில் இருந்தது. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அய்யா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மறுபக்க ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். நிறுத்தாமல் முழு பாட்டிலையும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, ராமநாதபுரம் ஸ்டாண்டில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர்.

"போதும். நானே எறங்கி ஏறிக்கிறுவேன்" என்றார் அய்யா. ஜன்னலோரம் வந்த டீக்காரரிடம் ஒரு டீ சொன்னார். அதைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.